வெடித்த டைலின் பாதி

அன்புள்ள குட்டிக்கு,

நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைதான், நம்பிக்கை இல்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உணவகத்தின் மரத்தளத்தில், விருந்தாளிகள் நடுவே, கரி மூட்டும் தகரக் குழாயை வைத்துப் பற்றவைக்கச் சொன்னாராம் முதலாளி. அடியில் ஒரு டைல் போட்டால் போதும் என்றாராம். டைல் தாங்காது, அடுப்புக்குள் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும் என்று நீ மறுத்ததற்கு, நாலு எழுத்து படிச்சுட்டா நெருப்புக்கே பாடம் எடுப்பியா என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். மாதக் கடைசிக்குள் அதே ஆட்கள் முன்னால் நீ மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை போய்விடும். அப்பா படித்த உடனேயே, என் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அப்படி வராது. நீ என் மகள் என்பது டைலுக்குத் தெரியாதே.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சோதித்துப் பார்த்துவிட்டோம். எண்ணெய் டின்னின் மேலும் கீழும் வெட்டி, ஓட்டை போட்டு, உள்ளே கம்பி வைத்து அப்பாவே ஒரு குழாய் செய்தார். பழைய அலமாரிப் பலகை, அதன்மேல் சமையலறைக்கு வாங்கி மிஞ்சிய டைல், அதன்மேல் குழாய், பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். கரி சிவக்கும்வரை ஒன்றுமே ஆகவில்லை. பெண் வீணாகப் பிடிவாதம் பிடித்திருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன், படாரென்று வெடித்தது டைல். முழங்கால் வலிக்காரர் ஒரே தாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார். கீழ்வீட்டுத் தையல்காரப் பெண், அக்கா, சிலிண்டரா என்று கத்தினாள். எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தால் டைல் இரண்டு துண்டு, அடியில் பலகை தட்டளவு வட்டமாகக் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. பிறகு கறி சுடும் கரியடுப்பு ஒன்றை இரவல் வாங்கி, நீ சொன்னபடி அடுப்புக்குள்ளேயே, கரி கிடக்கும் கம்பித்தட்டின் மேல் குழாயை வைத்தோம். ஒரு வம்பும் இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனபோது பரிசோதனைக்கூடத்தில் கூட இருப்பவர்களிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். யாருங்க மேடம் அந்தப் பொண்ணு, நம்ம கூடத்துக்கே வரச் சொல்லுங்க என்றார்கள். என் பொண்ணு என்றேன். அன்று பார்த்த அளவுகளை எல்லாம் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டியதாயிற்று, கவனம் அங்கே இல்லை.

உடைந்த டைலில் பாதியைத் துண்டில் சுற்றி இதோடு அனுப்புகிறேன். முதலாளி மேசையில் வை, வாயால் எதுவும் சொல்லாதே. குரலை உயர்த்தியிருந்தால் குரலுக்கு மட்டும் மன்னிப்புக் கேள், சொன்ன விஷயத்துக்குக் கேட்காதே. வேலை போனால் போகட்டும், உன் அறை அப்படியே இருக்கிறது.

நீ நிமிர்ந்து நிற்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும். அடுப்புப் பக்கம் போகும்போது தலைமுடியை இறுக்கிக் கட்டு.

அம்மா

சுற்றிய துண்டு திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை, டைலைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு. மற்ற பாதியை அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார், முழுசாக இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்குமாம்.