முதலில் ஸ்கேன், பிறகு சாக்கு

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
ஞாயிறு மதியம்

அன்பு மகன் சுஜினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் ஜெஸ்லினும் இங்கே சுகமாக இருக்கிறோம், கப்பலில் நீயும் உன்னோடு இருக்கிற எல்லாரும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினசரி ஜெபம். போனில் பேசினால் முக்கியமான இடம் வரும்போது பார்த்து அறுந்துபோகிறது, அதனால்தான் காகிதம் எடுத்தேன். அபிஜித் பதினான்காம் தேதி சிங்கப்பூரில் உன் கப்பலில் வேலைக்கு ஏறுகிறான் என்று காலையில் ஆராதனை முடிந்ததும் அவன் அம்மா சொன்னாள், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே அச்சுமுறுக்கும் நேந்திரங்காய் உப்பேரியும் இருக்கிறது, அதைக் கொறித்துக்கொண்டே இதைப் படிக்காதே, முதலில் படித்து முடி.

அப்பா இப்போதும் காலை ஐந்தரைக்குக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி விழிஞ்ஞம் துறைமுகத்தில் கம்பி கட்டப் போகிறார். பெரிய கப்பல் ஒன்று வந்து நின்றால் உடனே எனக்குப் போன், நம்ம பயல் இதுமாதிரி ஒன்றில்தான் இருக்கிறான் என்று, ஒரே வாரத்தில் மூன்று தடவை சொன்னாலும் புதிதாகச் சொல்வதுபோல்தான் சொல்வார். ஜெஸ்லினுக்கு நர்சிங் மூன்றாம் வருஷம், நான் தமிழில் கேட்டால் அவள் மலையாளத்தில் பதில் சொல்கிறாள், எப்படியோ பதில் வருகிறதே என்று விட்டுவிட்டேன். மழை நன்றாகப் பெய்கிறது, வெள்ளிக்கிழமை கிழக்கேகோட்டையில் தண்ணீர் கட்டி நின்றதால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து பேசினாயே, அதில் நீ சொன்னது அப்படியே என் காதில் நிற்கிறது. "அம்மா, வேல எல்லாம் செய்தாச்சு, எளுதுகதுக்குத்தான் மனசு வரல்ல. சீனியர் ஒருத்தருக்க புக்கு போட்டோ கெடச்சிருக்கு, அதப் பாத்து ஒரேயடியா எளுதிருவேன்." நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். போனை வைத்த பிறகு அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. ஏழு மாதமாக அந்தப் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதாமல் இருக்கிறாய். சீஃப் ஆபீசர் ஆகஸ்ட் கடைசியில் இறங்கிவிடுவார், வாராவாரம் எழுதிக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன், கடைசி நாளில் மூட்டையாகக் கொண்டுவந்தால் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் நீ கடலில் கிடந்த மாதங்கள் கணக்கில் சேராது, செகண்ட் மேட் பரீட்சைக்கு உட்கார முடியாது. இதெல்லாம் நீயே எனக்குச் சொல்லித் தந்ததுதான். அலை அடிக்கும்போது டெக்கில் நின்று கயிறு இழுக்கிற பிள்ளைக்கு ஒரு பேனாவைத் தூக்க முடியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பச்சைக் கோட்டு போட்டு வீடு வீடாகப் பிளாஸ்டிக்கும் பழைய பேப்பரும் எடுக்கிற வேலைக்கு நான் வந்து நாலு வருஷம் ஆகிறது. சாக்குத் தூக்குவதோ நாற்றமோ வெயிலோ எனக்கு ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. அக்ரஹாரத்தில் வெங்கிடேஷ் வீட்டு மாமி பால் கவரைக் கழுவி உலர்த்தி நாலாக மடித்துக் கட்டாகத் தருவார், அதை வாங்கும்போது சந்தோஷமாகக்கூட இருக்கும். எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான், அந்த வீட்டுக்கு வந்துபோனதற்குக் கணக்காக வாசலில் ஒட்டியிருக்கிற அந்தச் சதுரக் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்வது. ஈரக் கையில் போன் வழுக்கும், கண்ணாடியில் மழை விழும், ஆப் சுற்றிக்கொண்டே நிற்கும். வேலை செய்வதுதானே பெரிது, இது வெறும் படம் காட்டுகிற வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்குச் சேர்த்துச் செய்வோம், சனிக்கிழமை சேர்த்துச் செய்வோம் என்று தள்ளினேன். நல்ல மனசு வருகிற அன்றைக்கு ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன், உன் வாயில் வந்த அதே ஒரேயடியாகத்தான்.

போன வருஷம் மார்ச் மாதம் கூட்டத்தில் எங்கள் சூப்பர்வைசர் ஜானவி பட்டியலைத் திறந்தாள். ஜெஸ்லினைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. மூன்று தெருவில் இரண்டு மாதமாக யாருமே போகவில்லை என்று அதில் இருந்தது, மூன்றும் என் தெரு. காய்ச்சலோடு கூடப் போனவள் நான். எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஜானவி சத்தம் போடவில்லை, "சேச்சி போனது எனக்குத் தெரியும், ஆனா எனக்குத் தெரிஞ்சா மட்டும் போதாதே" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள்மேல் கோபம், குளத்தைத் தாண்டிய பிறகுதான் அது என்மேல் இருக்கிற கோபம் என்று புரிந்தது. நம்மைப் பார்த்தவர்களுக்கு எழுத்து வேண்டாம், சுஜின் மக்களே. பார்க்காத ஒருவர் நம்மை நம்புவதற்குத்தான் அது.

அதற்குப் பிறகு நான் ஒரு வழி செய்தேன். கூட வருகிற ஷிஜாவிடம் சொல்லிவைத்தேன், நான் ஸ்கேன் செய்கிற வரைக்கும் என் சாக்கை நீ பிடித்துக்கொள், கேட்டாலும் தராதே என்று. அவள் சும்மாவே கண்டிப்பானவள், இது கிடைத்ததும் போலீஸ் ஆகிவிட்டாள். முதல் நாள் நாலாவது வீட்டிலேயே எனக்குப் பொறுமை போய், பெரிய மழை வருகிறது சாக்கைத் தா என்று இழுத்தேன், "முதல்ல ஸ்கேன், பெறகு சாக்கு, நனைஞ்சா நனையட்டும் அக்கா" என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நனைந்தோம். பிடித்த வேலையை எடுக்க வேண்டுமென்றால் பிடிக்காத வேலையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஆனதும் கை தானாக அதைச் செய்யத் தொடங்கியது. விட்டுப்போன பழைய மாதங்களை நினைத்து முதல் வாரம் அழுகை வந்தது, பிறகு அதை நினைப்பதையே நிறுத்தி அன்றைக்குள்ள வீட்டை மட்டும் பார்த்தேன். ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, ஒரு வீடு விடவில்லை. அது எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதே, நேற்றும் அந்த ஆப்பைத் திட்டிக்கொண்டுதான் செய்தேன். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் நான் இன்னும் காத்திருப்பேன்.

உனக்கும் அதையேதான் சொல்கிறேன். வேலை முடிந்ததும் பாய்லர் சூட் உடுப்பைக் கழற்றாதே, டீயைத் தொடாதே, அழுக்குக் கையைத் துடைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து இன்றைக்குச் செய்ததை எழுது. இன்றையதுதான் முதலில். அதன் பிறகு பழையதில் ஒன்று, ஒன்றே ஒன்று, நீ செய்தது, உனக்கு ஞாபகம் இருப்பது. செய்யாததை எழுதாதே. அபிஜித்திடம் சொல்லியிருக்கிறேன், நீ எழுதிய பக்கத்தைக் காட்டாமல் உன் டீ கிளாஸை உன் கையில் தரக்கூடாது என்று, அவனும் ஷிஜா மாதிரி இருப்பான் என்று நம்புகிறேன். வாரம் முடிந்ததும் சீஃப் ஆபீசர் முன்னால் போய் நில். முதல் வாரம் முறைப்பார், முறைக்கட்டும்.

இனி அன்றைக்குச் சோறு ஏன் அடிப்பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். பார்த்து எழுதுவது என்ற அந்தப் பழக்கத்தை உனக்குத் தந்தது நான்தான். பிளஸ் டூவில் நீ விழிஞ்ஞம் கடற்கரையில் பந்து விளையாடப் போய்விடுவாய், பிசிக்ஸ் ரெக்கார்ட் மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும் என்று அழுதாய், பக்கத்து வீட்டு ஸ்ரீகண்டனின் நோட்டை வாங்கி வைத்து மூன்று ஞாயிறு மத்தியானம் நான் உட்கார்ந்து எழுதினேன். எனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும், ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவதுபோல் பார்த்துப் பார்த்து வரைந்தேன், வட்டத்துக்கெல்லாம் அப்பா டம்ளரைக் கவிழ்த்து வைத்து வரைந்தார். டீச்சர் சிவப்பு மையில் நன்று என்று எழுதினார், அதை நான் மூன்று பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். பிள்ளைமேல் உள்ள பாசம் என்று நினைத்தேன், உன் கையை நானே கட்டிப்போட்டது எனக்குத் தெரியவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கப்பலுக்கு வந்து எழுதித் தர என்னால் முடியாது, முடிந்தாலும் இனி செய்யமாட்டேன்.

அந்த ரெக்கார்டைப் பரணில் இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்தேன். நேற்று நம் தெருவின் முறை. நம் வீட்டு வாசலில் நின்று முதலில் ஸ்கேன் செய்தேன், பிறகு நோட்டை எடுத்து, நான் எழுதிய பக்கங்களையெல்லாம் கிழித்து என் கையாலேயே சாக்கில் போட்டேன். ஷிஜா என்ன அக்கா இது என்று கேட்டாள், பழைய பேப்பர் என்றேன். கடைசியில் ஏழு தாள் எழுதாமல் இருந்தது. சீஃப் ஆபீசர் இறங்க ஏழு வாரம் இருக்கிறது, வாரத்துக்கு ஒன்றாக, புத்தகத்தில் ஏற்றுவதற்கு முன்னால் ஞாபகத்துக்குக் குறித்துக்கொள்ள அவற்றை இதோடு வைத்திருக்கிறேன்.

அப்பாவும் ஜெஸ்லினும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். கடலிலும் கரையிலும் கர்த்தர் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், உன் கைகளின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். தலைக்குக் குளித்துவிட்டுக் காற்றில் நிற்காதே. பேனா இல்லை என்று சொல்லாமலிருக்க அபிஜித்திடம் இரண்டு பேனாவும் கொடுத்திருக்கிறேன். இதை மடித்து வைத்துவிட்டு முதல் தாளை எடுத்து இன்றைய தேதியைப் போடு. தேதிகூட நான் போட்டுத் தரவில்லை.

உன் அம்மா
ரத்னாபாய்