பின்வேலியால் வந்த குடம்

லக்கல
04.03.2023

அன்புள்ள றாபியா தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் உங்கள் கூடப்பிறந்த நானாவின் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன். அவருடைய இரண்டு கிட்னியும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கக் கண்டிக்குப் போகிறோம். பஸ் வராத நாளில் ரோட்டோரத்திலேயே படுத்துவிடுகிறார். கூடப்பிறந்தவர் யாராவது ஒரு கிட்னி தந்தால் பிழைக்கலாம் என்கிறார் டொக்டர். "அவக்கிட்ட கேக்காதே. கிணத்தப் பூட்டினவன் நான், கேக்க எனக்கு மொகம் இல்ல" என்கிறார் நானா. எனக்கு வெட்கமில்லை, கேட்கிறேன்.

இப்படிக்கு
மதினி அபீபா


நாலந்தா
11.03.2023

அன்பு மதினிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

வாசித்ததும் கோபம்தான் வந்தது, ஒளிக்க மாட்டேன். காணிச் சண்டைக்காகத் தங்கச்சிக்குக் கிணற்றைப் பூட்டிய மனிதர்! சின்னப் பிள்ளையாக இருந்த மகள் றுஸ்னாவோடு வாய்க்கால் தண்ணீருக்கு அலைந்தேன். நாங்கள் போன வருஷம் இங்கே வரும்வரை, பதினொரு வருஷம், அவருக்குத் தெரியாமல் பின்வேலியால் குடம் நீட்டியது நீங்கள்தான். தெரிந்திருந்தால் உங்களையும் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அந்தக் குடத்துக்காகத் தருகிறேன். என் கிட்னி உள்ளே போனால் என் வாயும் சேர்ந்து வந்துவிடும், நானாவிடம் சொல்லி வையுங்கள்! திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போகிறேன்.

உங்கள் றாபியா


லக்கல
20.03.2023

தங்கச்சி,

கடிதத்தை அவருக்கு வாசித்தேன், குடம் பற்றிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு. ஆறு மாதத்துக்குப் பிறகு சிரித்தார், அப்புறம் அழுதார். அல்லாஹ் உங்களுக்குக் குறை வைக்க மாட்டான்.

நேற்று சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து நம் கிணற்றைச் சோதித்தார்கள். குடிக்கவே கூடாதாம். நானாவைக் கெடுத்தது அந்தத் தண்ணீராக இருக்கலாம் என்கிறார்கள். நான் கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து குடிக்கிறேன், எனக்கும் சோதிக்க வேண்டுமாம். உங்கள் ரிப்போர்ட் வந்துவிட்டதா? தாமதிக்காமல் சுருக்காக எழுதுங்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அபீபா


நாலந்தா
02.04.2023

மதினி,

ரிப்போர்ட் வந்தது. என்னால் தர முடியாது. என் கிட்னியும் பாதிக்கு மேல் பழுதாம். உடம்பில் ஒரு வலியும் இல்லாததால் நம்பவே முடியவில்லை. "இவ்வளவு காலமும் எங்க தண்ணி குடிச்சீங்க?" என்று டொக்டர் கேட்டார். உண்மையைச் சொன்னேன். நானாவிடம் இரத்தம் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

அவர் போட்ட பூட்டு எங்களைக் காப்பாற்றியிருக்கும். அதை நினைத்தால் பைத்தியம் பிடிக்கிறது. நீங்கள் பாவம், ஒன்றும் தெரியாமல் செய்தீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்க இனி என்னால் ஏலாது. வர வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

வியாழக்கிழமை றுஸ்னாவின் இரத்தத்தையும் எடுக்கிறார்கள். நாலு வயதில் பூட்டு விழுந்த பிறகும் அந்தத் தண்ணீரைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

றாபியா