கோல் கம்பத்தை விட்டு வந்தவருக்கு

நேற்று ஹட்டனுக்குப் போயிருந்தேன். மழை விடவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினேன். பிளேன்டியை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் அந்தப் படம். கண்ணாடி போட்டு, சுற்றிலும் சின்னச் சின்ன பல்பு எரியவிட்டிருந்தார்கள். பஜார் ஃபுட்போல் டீம் கப்பு வாங்கிய அன்று எடுத்த படம். நடுவில் அவன், மடியில் கப்பு. ஓரத்தில் கறுப்புச் சட்டையில் கோல் காக்கிற ஒரு கோலி நிற்கிறான். அது நீங்கள் இல்லை.

நான் பார்ப்பதைக் கடைக்காரர் கவனித்துவிட்டார்.

“நம்ம பஜார் டீமுங்க அம்மா. நடுவுல இருக்காரே, அவரு மாதிரி இன்னொரு பந்துக்காரன் இந்த மலையில பொறக்கல.”

“இதுல ஒரு ஆள் இல்லையே தம்பி.”

“எல்லாரும் இருக்காங்களே. எண்ணிப் பாருங்க.”

“நான் சொல்ற ஆளு வேணும்னேதான் அதுல நிக்கல” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு மழையிலேயே இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நீங்கள் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. இருந்தாலும் எழுதுகிறேன். அவன் பெயரை மட்டும் இதில் எழுத மாட்டேன். அது சுவரில் இருக்கிறது, போதும்.

உங்களை ஊருக்கு லொறி டிரைவராகத்தான் தெரியும். பஜார் கிளப் தலைவரின் லொறியில் தோட்டம் தோட்டமாகப் போய்த் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனில் இறக்குவீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் நீங்கள் வேறு ஆள், பஜார் டீமின் கோலி, கப்டன். கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு கம்பத்துக்கு நடுவில் போய் நின்றால், நெஞ்சு நிமிர்ந்துவிடும். திங்கட்கிழமை விரலெல்லாம் வீங்கி, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் முகத்தைச் சுளிப்பீர்கள். நான் உப்புத் துணியைச் சூடுகாட்டி ஒத்தடம் கொடுப்பேன். “இந்த வெளையாட்டு எதுக்குங்க?” என்று கேட்டால், “அடுத்த ஞாயித்துக்கெழம சொல்றேன்” என்பீர்கள்.

அந்தப் படம் எடுத்ததற்கு முந்தைய வருடம் கடைசி மெச்சில் ஈரப் பந்து உங்கள் கையிலிருந்து வழுகி உள்ளே போய்விட்டது. கப்பு போயிற்று. சலூனில் முடிவெட்டப் போனாலும் அதையே பேசினார்கள். உங்களுக்கு அந்தக் கப்பு எவ்வளவு வேண்டியிருந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அதனால்தான் அடுத்த வருடம் ஒரு சாயந்தரம் நீங்கள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தபோது எனக்கும் முதலில் சந்தோஷமாக இருந்தது.

“புள்ள, அவன் நம்ம டீமுக்கு வாறானாம்! தலைவர் பேசிட்டாரு. இந்த வருசம் கப்பு நமக்குத்தான்.”

லிந்துலைப் பக்கத்துப் பெரிய கங்காணியின் மகன் அவன். அவன் காலில் பந்து ஒட்டிக்கொள்ளும் என்று மலை முழுக்கப் பேச்சு. ஆனால் பெயர் காதில் விழுந்ததுமே என் சந்தோஷம் செத்துவிட்டது. ஏனென்றால் அவன் இருந்தது நான் பிறந்த தோட்டம். அன்று பகலில்தான் அங்கிருந்து ஆட்கள் வந்து பாக்கியத்தைப் பற்றிச் செய்தி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பாக்கியம் எனக்கு உறவுக்காரி இல்லை. எங்கள் லய வரிசையில் அடுத்த காம்பரா வீட்டில் வளர்ந்தவள், கொழுந்து எடுக்கிறவள். கொஞ்ச நாளாக அவன் அவள் பின்னாலேயே திரிந்திருக்கிறான். நாலு பேர் முன்னால் அவள் “ஒனக்கு வெக்கமா இல்லையா?” என்று கேட்டுவிட்டாள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அவளை மறித்து, கையை முறுக்கி, வாய்க்கால் கல்லில் வைத்து மிதித்தான் என்று அவள் போலீசில் சொன்னாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவன் சொன்னான். விசாரணை நடந்துகொண்டிருந்தது. பார்த்ததாக யாரும் முன்வரவில்லை.

நான் இதைச் சொன்னதும் உங்கள் முகம் மாறியது. ஆனாலும் நீங்கள் உடனே என் பக்கம் வந்துவிடவில்லை. அதை மறைத்து உங்களைச் சாமியாக்கப் போவதில்லை நான்.

“போலீஸ் விசாரிக்குதுன்னா ஒருத்தன் குத்தவாளியா? எங்கப்பாவ என்ன செஞ்சாங்க? தேயிலை திருடுனாருன்னு பொய்க் கேஸ் போட்டாங்க. தீர்ப்பு வர்றதுக்கு முந்தியே தோட்டத்துல பேரை வெட்டி, லயத்த விட்டு வெரட்டுனாங்க. கடைசியில அவரு செய்யலன்னு கோர்ட்டே சொல்லிச்சு. அதே வேலைய நான் இன்னொருத்தனுக்குச் செய்யணுமா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. டீம் சட்டைகளையெல்லாம் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து நான்தானே துவைப்பேன்? “அவன் போட்ட சட்டையில என் கை படாது” என்றேன். “அந்தப் புள்ளய ஒரு தடவ பாத்துட்டு வந்து பேசுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாக்கியம் சுவரோரக் கட்டிலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் உங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க பஜார் டீம் கோலிதானே அண்ணே? எங்கப்பா எப்பவும் ஒங்களப் பத்தித்தான் பேசுவாரு. அவன் ஒங்க டீமுக்கு வாறானாமே?”

“இன்னும் முடிவாகல தங்கச்சி.”

“வந்தா எனக்குச் சாட்சி சொல்ல ஆளில்லண்ணே.”

“பாத்தவங்க இருக்காங்களா?”

“இருக்காங்க. மேல தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் கத்துனதும் நிமிந்து பாத்தாங்க. இப்ப கங்காணி வீட்டுக்குப் பயந்துகிட்டு இருக்காங்க. பயந்தவன் என்னைக்காச்சும் ஒரு நாளு வாயத் தொறப்பான். ஆனா அவன் கப்பு வாங்கிக் குடுத்து, இவங்க கை தட்டிட்டாங்கன்னு வைங்க, அதுக்குப் பொறகு தொறக்க மாட்டாங்கண்ணே.”

பஸ்ஸில் திரும்பி வந்தோம். தலவாக்கலை தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

“எங்கப்பாவுக்குச் சாட்சி சொல்ல ஒரே ஒருத்தன் வந்தான் புள்ள. அவன் வரலைன்னா அவரு உள்ளேயே செத்திருப்பாரு.”

அவ்வளவுதான்.

தலைவரின் இரும்புக் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் கூட்டம். துவைத்த சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு நானும் வந்து வாசலில் நின்றேன். பெண்கள் வருகிற இடமில்லை அது. யாரும் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. நீங்கள் எழுந்து பேசினீர்கள்.

“ஐயா, அவன் குத்தவாளின்னு நான் சொல்லல. விசாரணை முடியட்டும். அவன் செய்யலன்னு ஆயிருச்சுன்னா நானே போயி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாறேன். அதுவரைக்கும் நம்ம சட்ட அவனுக்கு வேணாம்.”

தலைவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். கோயில் திருவிழாவானாலும் கல்யாணமானாலும் முன்னால் நிற்கிறவர்.

“தம்பி, போலீஸ் வேலைய போலீஸ் பாக்கட்டும். நம்ம பந்து வெளையாடுவோம். கேஸு முடியுறதுக்குள்ள அவன் காலு பழசாப் போயிரும்.”

“அந்தப் புள்ளயோட கையி?”

“அதுக்கும் நம்ம டீமுக்கும் என்னப்பா சம்பந்தம்?”

“நாளைக்கு அவன தோள்ல தூக்கிக்கிட்டு பஜார்ல போவீங்க. அதப் பாத்துட்டு எந்தத் தோட்டத்துக்காரன் அவனுக்கு எதிரா சாட்சி சொல்ல வருவான்? அவன் ஓடுற ஓட்டத்துக்குக் கை தட்டுறோம்னு நெனைக்கிறோம். அங்க அந்தப் புள்ளயோட வாய அடைக்கிறோம்.”

யாரோ “போன வருசம் பந்த விட்டவன் இந்த வருசம் நாயம் பேசுறான்” என்றார்கள். சிரிப்பு எழுந்தது. உங்கள் காது சிவந்ததை நான் பார்த்தேன். தலைவர் சிரிக்கவில்லை.

“நான் வாக்குக் குடுத்தாச்சு. இருந்தா இரு. இல்லாட்டி லொறிச் சாவியையும் வச்சிட்டுப் போ.”

நீங்கள் சாவியை மேசையில் வைத்தீர்கள். என்னிடம் வந்து, மூட்டையை அவிழ்த்து, உங்கள் கறுப்புச் சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அதையும் பக்கத்தில் வைத்தீர்கள். வலப்பக்கம் ஆடுகிற காதர், புடவைக் கடைக்காரர் மகன், எழுந்து வந்து “என் சட்டையையும் அங்கேயே வச்சிருங்க தங்கச்சி” என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூட்டையை அப்படியே இறக்கிவிட்டு, “இனிமே தொவைக்க வேற ஆளப் பாத்துக்கங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வேலை போனது. தலைவர் கொடுத்திருந்த பின்கட்டு அறையும் போனது. காதர் வீட்டுப் பின்பக்கக் கோடியில் ஒண்டினோம். ஒரு நாள்கூட நீங்கள் “நீ சொல்லித்தான்” என்று என்னைச் சொன்னதில்லை. நானும் “பேசாம இருந்திருக்கலாம்” என்று உங்களைச் சொன்னதில்லை.

கடைசி மெச்சுக்குப் போவோம் என்று சொன்னது நான். சும்மா போகக் கூடாது என்றும் சொன்னேன். தோட்டத்துக்குப் போய், காம்பரா காம்பராவாக ஏறி இறங்கிப் பேசினேன். “பந்து பாக்க பொம்பளைங்களா?” என்று சிரித்தவர்கள், பாக்கியம் வருகிறாள் என்றதும் சிரிப்பை நிறுத்தினார்கள். அன்று மைதானத்து மேட்டில், மழைக்குக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, வரிசையாக நின்றோம். நடுவில் பாக்கியம், கழுத்தில் தொங்கும் கட்டோடு. நாங்கள் கத்தவில்லை, ஏசவில்லை. கை தட்டவும் இல்லை.

நீங்களும் காதரும் எங்களோடு நின்றீர்கள். கீழேயிருந்து ஒருவன் கூவினான்: “ஏய், கோலி பொம்பளையாயிட்டான்டா!”

“ஆமாடா, இன்னைக்கு இந்தப் பக்கந்தான்!” என்று நீங்கள் திருப்பிக் கத்தினீர்கள். பெண்கள் அத்தனை பேரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் நன்றாக ஆடினான். பொய் சொல்ல மாட்டேன், கண்ணை எடுக்க முடியாத ஆட்டம். முதல் கோல் போட்டதும் மைதானமே எழுந்து குதித்தது. கூட்டத்தில் எங்கள் தோட்டத்து முனியாண்டி அண்ணனும் இருந்தார். கவ்வாத்துக்காரர், பஜார் டீம் என்றால் உயிரை விடுகிறவர். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவர் மேட்டைப் பார்த்துவிட்டார். பாக்கியம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிய கை மெல்லக் கீழே இறங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, பார்த்தவர் யார் என்று.

பஜார் டீம் வென்றது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பஜாரெல்லாம் சுற்றினார்கள். அன்று எடுத்ததுதான் அந்தப் படம்.

மறு வாரம் முனியாண்டி அண்ணன் போலீசுக்குப் போனார். வழக்கு நடந்தது. கோர்ட்டில் அவர் கும்பிட்டுக்கொண்டே நின்று, கண்டதைக் கண்டபடி சொன்னார். அவன் சில மாதம் உள்ளே இருந்தான். முனியாண்டி அண்ணன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பாக்கியத்தின் மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. ஆனாலும் அவள் அதே மலையில், அதே கங்காணி வீட்டு வாசலைத் தாண்டி, தலையைக் குனியாமல் கொழுந்துக்குப் போனாள்.

அவன் வெளியே வந்ததும் பஜார் டீம் மறுபடியும் சேர்த்துக்கொண்டது. தண்டனையை அனுபவித்தவன் ஆடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பஜாரும் அவனிடம் கேட்கவில்லை. உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ஏன் போனாய், ஏன் போனாய் என்று.

கொஞ்ச காலம் கிடைத்த லொறியை ஓட்டினீர்கள். பிறகு பொல்பிட்டியவில் பவர்ஹவுஸ் வேலை தொடங்கியதும் அங்கே கல் ஏற்றப் போனோம். ஒரு நாள் அங்கே வேலையாட்கள் ஆடுவதை ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கை தானாக நீண்டு நீண்டு மடங்கியது. “வருத்தமா இருக்காங்க?” என்று கேட்டேன்.

“ஆட ஆசையா இருக்கு புள்ள. வருத்தம் இல்ல. ரெண்டும் வேற வேற.”

அதன் பிறகு உங்கள் நெஞ்சில் சளி கட்டியது, இருமல் வந்தது, நீங்கள் போனீர்கள். உங்களைக் கிடத்தியிருந்த அன்று கிளப்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் தலைவர், வயதாகி, தடியை ஊன்றிக்கொண்டு. கையில் பெரிய மலர்வளையம், “எங்கள் கப்டனுக்கு” என்று எழுதிய நாடாவோடு. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அவரிடம் சொன்னேன்:

“வைக்கலாம்ங்க ஐயா. அன்னைக்கு அவரு செஞ்சது சரின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு வார்த்த சொல்லிட்டு வைங்க.”

அவர் சுற்றிலும் பார்த்தார். அவரோடு வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். “இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு?” என்றார்.

“அப்ப இதக் கொண்டு போங்க.”

கொண்டு போனார்கள். சொந்தக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். செத்த வீட்டில் வந்தவர்களை அனுப்புகிற வீம்பு எங்கிருந்து வந்தது இவளுக்கு என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

வீம்புதான். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. விடியற்காலையில் அடுப்பு மூட்ட எழும்போது அதுவும் என்னோடு எழுந்துகொள்கிறது. யார் வந்து கேட்டாலும் அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.