வலையில் அம்மா விட்ட இடம்

அன்பு மகளுக்கு,

நம் அணி ஜெயித்துவிட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம், கோப்பையின் கடைசி ஆட்டம், அதுவும் சொந்த மைதானத்தில். நீ என் தோளில் உட்கார்ந்து கொடி ஆட்டிய நாளிலிருந்து நாம் ஏங்கிக் காத்திருந்த கோப்பை. இதை எழுதும் கை துள்ள வேண்டும், துள்ளவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், அதற்கு முன்னால் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போடு, அது வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. கடை ஓடுகிறது, தார்ப்பாய் நன்றாகப் போகிறது, கயிறுதான் படுத்துவிட்டது. சமையல் நானே செய்கிறேன், சாப்பிடுகிற ஆளும் நானே என்பதால் இதுவரை புகார் இல்லை. நீங்கள் புது வீடு பார்ப்பதாகச் சொன்னாயே, வீட்டுக்காரர் சொல்லும் முதல் வாடகைக்குத் தலையாட்டிவிடாதே, குழாயைத் திறந்து பார், ஜன்னலைச் சாத்திப் பார், பிறகு பேசாமல் நில், அவரே இறங்கி வருவார்.

ஆட்டத்துக்கு வருகிறேன். அம்மா போன பிறகு நான் நம் பழைய இடத்தில் உட்காருவதில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் அவள் உட்காரும் இடத்தில்தான் உட்காருகிறேன். உனக்கு நினைவிருக்கும், மைதானமே கத்தும்போதும் அவள் பந்தைப் பார்க்க மாட்டாள், நீங்க பந்தைப் பாருங்க, நான் என் வலையைப் பார்க்கறேன் என்பாள். கிளப்புக்கு வலை கொடுப்பது நம் கடை என்றாலும் அதில் முடிச்சுப் போட்டதெல்லாம் அவள்தானே. முதல் பாதியில் நம் அணி நெட்டையன் தலையால் முட்டி ஒன்று போட்டான். பக்கத்திலிருந்த சலூன்காரர் என்னைத் தூக்கியே விட்டார், அந்த மனிதருக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிர் அணிக்காரன் ஒருவன் தரையோடு தரையாக ஒன்று உதைத்தான். பந்து கம்பத்துக்கு உள்பக்கம்தான் போனது. போய் வலையின் கீழ்மூலை வழியாக வெளியே வந்து என் காலடியில் இருந்த பலகையில் மோதியது. பக்கவாட்டில் இருந்தவர்களுக்குப் பந்து கம்பத்துக்கு வெளியே போனதாகத்தான் தெரிந்திருக்கும், நடுவருக்கும் அப்படித்தான். அவர்கள் ஆட்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். நடுவர் வந்து வலையைப் பார்த்தார், தொங்கிய மடிப்பில் எதுவும் தெரியவில்லை, கோல் இல்லை என்று கையை விரித்துவிட்டார். ஊதல் ஊதினதும் எல்லோரும் உள்ளே ஓடினார்கள். நான் போய் அந்த மடிப்பைத் தூக்கிப் பார்த்தேன்.

அந்த ஓட்டை அங்கே இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும் மகளே. அம்மா கடைசியாக மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த வலை அதுதான். மூலைக்கு வந்ததும் கண் வலிக்குதுங்க, மீதியைக் காலையில பாத்துக்கறேன் என்று ஊசியை நூலோடு சொருகி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள், காலையில் எழுந்திருக்கவில்லை. ஆட்டத்துக்கு வலை கேட்டு கிளப்பிலிருந்து ஆள் வந்தபோது கடையில் வேலை செய்யும் அக்கா, முதலாளி குடுங்க, மூலைதானே, நான் ஒரு நிமிஷத்துல முடிச்சுடறேன் என்று கையை நீட்டினாள். எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அம்மா விட்ட முடிச்சுக்கு அடுத்த முடிச்சை இன்னொரு கை போடுவதா என்று இருந்தது. அவளுடைய ஊசியும் நூலும் அப்படியே தொங்கட்டும் என்று மடிப்புக்குள் ஒதுக்கி வைத்து, ஓட்டையை மட்டும் ஒரு மெல்லிய சணல் இழையால் இழுத்துக் கட்டி அனுப்பிவிட்டேன். வேறு கடைக்காரன் செய்திருந்தால் நான் காறித் துப்பியிருப்பேன். அந்த இழைதான் அறுந்தது.

மறுநாள் கிளப் செயலாளர் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிர் அணி புகார் கொடுத்திருக்கிறதாம், போட்டிக் கமிட்டி வலை கொடுத்தவரைக் கூப்பிட்டு விசாரிக்குமாம். ஒரே ஒரு வார்த்தைண்ணே, வலை முழுசா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்துடுங்க, உங்க பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, இந்தக் கோப்பைக்கு என்னைவிட நீங்கதானே ஏங்கினீங்க என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சலூன்காரரோ, வாயைத் தொறந்தீங்கன்னா அடுத்த தடவை பாதித் தலையோடதான் வீட்டுக்கு அனுப்புவேன் என்றார். சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அந்தக் கோப்பை வேண்டும் கண்ணு. இப்போதும் வேண்டும். ஆனால் வலை முழுசாக இருந்தது என்று நான் சொன்னால், அம்மா அதை முடித்துவிட்டாள் என்று ஆகிறது. அவள் முடிக்கவில்லை. முடிக்காமல்தான் போனாள். அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கமிட்டி முன்னால் நின்று, பந்து உள்ளே போனது, ஓட்டை இருந்தது, கட்டி அனுப்பியது நான், முடிச்சுப் போட்டவள் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டேன். செயலாளர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். தெருவில் இரண்டு நாளாக யாரும் என்னிடம் பேசுவதில்லை, சலூன் வாசலில் என்னைக் கண்டால் செய்தித்தாள் உயர்ந்துவிடுகிறது. நெட்டையன் மட்டும் கடைக்கு வந்தான், காலணிக்கு ஒரு ஜோடி நாடா வாங்கிக்கொண்டு போனான்.

எதிர் அணி மேலாளர் பழைய இரும்பு வியாபாரி, பேரத்தில் எனக்கு அண்ணன். ஓட்டை வலையைச் சாட்சியாகக் கமிட்டியிலேயே வைக்க வேண்டும், புகைப்படக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தனியாக அழைத்துப் போய் அந்த ஊசியைக் காட்டி, இது யாருடையது என்று சொன்னேன். ஊசியை விரலால் தொட்டுப் பார்த்தார், பிறகு சரி, நீங்க கேக்கறதைச் சொல்லுங்க என்றார். வியாபாரத்தில் இவ்வளவு சுலபமாக நான் எதையும் வாங்கியதில்லை.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொள், அம்மா சொன்னால்தான் கேட்பேன் என்றிருக்காதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வரும் ஞாயிறு கட்டாயம் போன் போடு, அன்றைக்கு என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. அந்த மேலாளரிடம் பேசி முடித்ததைச் சொல்லாமல் விட்டேன். கமிட்டி சொன்னபடி ஞாயிறு அன்று அதே மைதானத்தில் மறு ஆட்டம். புது வலை நம் கடைச் செலவு, முதல் நாளே அவர்கள் ஆள் வந்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பார். பழைய வலை நம் வீட்டுக்கு வரும், ஊசியும் நூலும் தொங்குகிறபடியே. அந்த மூலையில் யாரும் ஒரு முடிச்சுகூடப் போடக் கூடாது.