கடைசி அங்கத்து வெள்ளை உடுப்பு

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் உன் தையல் மெஷினும் நலமா? போனில் பேசினால் வெறும் "ம்" கொட்டியே என்னை ஓட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அடுத்த மாதக் கடைசியில் எனக்குக் கல்யாணம். ஆமாம், போட்டோக்காரரைத்தான்.

வெளியூர்க் கிளை வேலையை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். எங்கள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற பிரிவுக்குத் தலைமை, எத்தனை வருஷத்துக் கனவு என்று உனக்குத் தெரியும். ஆனால் வேலை கிடைத்த விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு அவர் என் விடுதி வாசலில் விடிய விடிய மழையில் நின்றார். காலையில் காய்ச்சலோடு, "நீ போனா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்றார். என்னை இப்படி யார் நேசித்திருக்கிறார்கள்? சின்ன வயதில் ரேடியோவில் கேட்டு நீயும் நானும் அழுதோமே, அந்த நாடகம் என் வாசலிலேயே நடந்துவிட்டது.

அதனால் ஒரு ஆசை. உங்கள் நாடகக் கம்பெனி இப்போது அதைத்தானே போடுகிறது? கடைசி அங்கத்தில் கதாநாயகி உடுத்துகிற வெள்ளைப் பட்டு உடுப்பு மாதிரியே எனக்குக் கல்யாணத்துக்குத் தைத்துக் கொடு. இடுப்பை மட்டும் கொஞ்சம் கூட்டி வை, சதை போட்டுவிட்டது.

உன் குருவி

மே 11

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதத்தை உடை அறையில் வைத்துப் படித்தேன். நீ கேட்ட உடுப்பு எதிரேதான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அதைத் தைத்தவளே நான்தான், அதனால் சொல்கிறேன். முன்பக்கம்தான் பட்டு. முதுகுப்பக்கம் வெறும் காடாத் துணி, வரிசையாக அழுத்துப் பொத்தான். பிணத்தின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்? நெஞ்சில் வழிகிற கதாநாயகனுடைய ரத்தம் சர்க்கரைப் பாகில் கலந்த சிவப்புச் சாயம். திரை விழுந்ததும் அலசாவிட்டால் எறும்பு மொய்த்துவிடும். வெளியே சனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு போவார்கள், உள்ளே நான் எறும்பு தட்டிக்கொண்டிருப்பேன்.

துணி கிடக்கட்டும், கதையைப் பார். அவள் முதல் அங்கத்திலேயே "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிவிடுகிறாள். நாடகம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். இவன் அவள் வாசலில் பட்டினி கிடக்கிறான். ஊரே கூடி அவளைத் திட்டுகிறது. கடைசியில் அவள் வெளியே வந்து, தானும் பட்டினி கிடந்து, அவனுக்கு முன்னால் செத்துப்போகிறாள். அப்புறம் அவன் கத்தியால் குத்திக்கொண்டு அவள் மேல் விழுகிறான். இத்தனை நேரத்தில் அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டானா? "சாப்பிட்டாயா" என்றாவது? தான் சாப்பிடாததைத்தான் ஊருக்கெல்லாம் சொல்கிறான். பொம்மைக்காகத் தரையில் புரளுகிற பிள்ளைக்கு முதுகில் ஒன்று வைப்போம். அதையே வளர்ந்த ஆண்பிள்ளை செய்தால் காதல் காவியம் என்று கைதட்டுகிறோம். த்தூ.

உன் ஆள் மழையில் நின்றார், சரி. அந்த ராத்திரி நீ தூங்கினாயா என்று கேட்டாரா?

உடுப்பைத் தைக்க மாட்டேன். அது பிணத்துக்குத் தைத்தது.

உன் அக்கா

மே 17

அக்கா,

"அன்புள்ள" போடவில்லை, கவனித்திருப்பாய்.

நீ எதையும் முதுகுப்பக்கமிருந்தே பார்க்கிறவள். அத்தான் விட்டுப் போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாயா? வாசலில் நிற்க யாரும் இல்லாதவளுக்கு நிற்கிறவனின் அருமை எப்படித் தெரியும்? உனக்கு வயிற்றெரிச்சல். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேலாளரிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உடுப்பைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

குருவி

மே 21

அன்புள்ள குருவிக்கு,

அத்தான் போகிறேன் என்றார், போங்கள் என்றேன். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். அதில் எனக்கு வெட்கமில்லை.

இனி புத்தி சொல்லப்போவதில்லை. நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன். எங்கள் கதாநாயகன் நல்ல கனமான ஆள். கடைசிக் காட்சியில் பொத்தென்று அவள் மேல் விழுந்தான். "ஐயோ, எந்திரி" என்று பிணம் கத்திவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. மிச்ச வசனம் அத்தனையும் அவள் மேல் கிடந்தபடியே பேசி முடித்தான். சபை எழுந்து நின்று கைதட்டியது.

திரை விழுந்ததும் ஓடிப்போய்ப் பொத்தானைப் பிய்த்தேன். அந்தப் பெண்ணால் மூச்சு விட முடியவில்லை. விலா எலும்பில் விரிசலாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து நான் உடுப்பை அலசும்போது அவன் முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டே கேட்கிறான், "அந்தச் சத்தம் நல்லா எடுபட்டுச்சுல்ல? தினமும் வெச்சுக்கலாமா?"

பாகு அலசிய தண்ணீர் வாளி என் பக்கத்திலேயே இருந்தது. அவன் தலையில் ஊற்றவில்லை. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

உன் அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

"அன்புள்ள" திரும்பி வந்துவிட்டது, பார். புது ஊரிலிருந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது, மேலாளரிடம் வேண்டாம் என்று சொல்ல இருந்ததற்கு முதல் நாள். சாயங்காலம் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "எங்க அக்கா எப்படியெல்லாம் எழுதுறா பாருங்க" என்று உன்னைக் கேலி செய்யத்தான் வாசித்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. "கடைசி வரைக்கும் வசனத்தை விடலையே அந்த மனுஷன். அதான் கலைஞன்" என்றார்.

அவர் இன்னும் ஏதோ கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப்போனது. கடைசியில் நானே, "அந்தப் பொண்ணு?" என்றேன்.

"அவளுக்கு என்ன? இனிமே அவளையும்தானே ஊரெல்லாம் பேசும்."

அப்போது அவர் கை என் தோளில் இருந்தது, அக்கா. அதற்கு அவ்வளவு கனம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மேலாளரைப் பார்த்து, வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். போட்டோக்காரர் மறுபடியும் வாசலில் வந்து நின்றார், அதே வார்த்தையைச் சொன்னார். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். அவருடைய அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தனியாக விடாதீர்கள் என்று கெஞ்சினேன். அந்த நல்ல மனிதர் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினேன். இங்கே வந்து நாலு நாள் தூக்கமில்லை. போன் அடித்தாலே அவருடைய அண்ணனோ என்று ஓடிப்போய் எடுப்பேன்.

நேற்று அண்ணனே கூப்பிட்டார். "மூணு வேளையும் நல்லா சாப்பிடுறாம்மா. கொழம்புல உப்பு கம்மின்னு இன்னிக்கு அண்ணிகிட்ட சண்டை வேற" என்றார். சிரிப்பு வந்தது. அப்புறம் வெகுநேரம் அழுதேன். அவருக்காக இல்லை.

வயிற்றெரிச்சல் என்று எழுதினேனே, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடு. உன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். லீவு கிடைத்ததும் வருகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு விலா எலும்பு கூடிவிட்டதா? கூட இருந்து பார்க்க ஆள் இருக்கிறதா? நீ எழுதவே இல்லையே. உடனே எழுது.

இங்கே வேலைக்கு வெள்ளைக் கோட்டு போட வேண்டும். கடையில் கொடுத்தது தொளதொளவென்று இருக்கிறது. நீயே ஒன்று தைத்து அனுப்பு. இளைத்துவிட்டேன், பழைய அளவே போதும், இடுப்பைக் கூட்ட வேண்டாம். முதுகுப்பக்கமும் அதே துணியில் தை.

உன் குருவி