ஒரே புடவை, ஒரே சமையல்

மார்கழி கடைசி ஞாயிறு. கல்பாக்கம்.

காலையில் ஒரே பனி. எதிர் குவார்ட்டர்ஸ் தெரியவில்லை. கடல் இரைச்சல் மட்டும்.

பொங்கலுக்கு நாத்தனார் கருங்குழியிலிருந்து குடும்பத்தோடு வருகிறார். காணும் பொங்கலுக்கு மகாபலிபுரம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்களாம். போன வருஷம் அடுப்படியிலேயே கிடந்தும் வடை உள்ளே வேகவில்லை. "எங்க கமலா இருந்தா வேற மாதிரி" என்றார். குளியலறையில் போய் அழுதேன். கமலா என் வீட்டுக்காரருடைய முதல் மனைவி. கருங்குழியில் காய்ச்சலில் போனவள். இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் எந்தச் சட்டியைத் திறந்தாலும் அவள் பேச்சுத்தான்.

இந்த வருஷம் விடுவதாக இல்லை. முடிந்ததை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். புளிக்காய்ச்சல் இன்றே, ஜாடியில். வெந்தயம் போடாமல், எனக்கு அந்த வாசனை ஆகாது. சாம்பார் பொடி. முறுக்கு கடையில். கேட்டால் நான் சுட்டது.

திங்கள்

பாத்திமா அக்கா மிக்சி தருகிறார். பக்கத்து வீடு, சதுரங்கப்பட்டினத்துக்காரர். "ஆட்டாங்கல்லாண்ட உக்காந்துகினு இடுப்ப ஒடிச்சிக்காத வசந்தா, எங்கூட்டுல மிக்சி சும்மாதான் கீது." நான் தஞ்சாவூர்ப் பக்கம். மூன்று வருஷமாகியும் இந்த 'இன்னா', 'கீது' என் வாயில் வரவில்லை. வீட்டுக்காரர் கேலி செய்வார்.

போகி

பழம்பாய் கொளுத்திய புகை. இருமல்.

இவர்கள் வழக்கப்படி இன்று பூவாடைக்காரி படையல். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுப் புடவை, மஞ்சள், பூ வைத்து, இலை நிறையச் சமைத்துப் படைக்க வேண்டும். உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. புடவை பிறகு நாத்தனாருக்கு.

இன்றைக்கும் சமையல், நாளைக்கும் சமையலா? படையலை நாளைக்குத் தள்ளிவிட்டேன். விருந்துச் சமையலையே படைத்துவிடலாம். புடவையும் தனியாக எடுக்கவில்லை. எனக்கு எடுத்த பச்சைப் புடவையையே வைத்துவிட்டு நான் கட்டிக்கொண்டால் ஆயிற்று. இவரிடம் சொன்னேன். "கோச்சிக்க மாட்டா" என்று சிரித்தார்.

பொங்கல், வியாழன்

விருந்தாளிகள் வருமுன் படைத்தாயிற்று. "அக்கா, ஒரே புடவைதான், பங்கு போட்டுக்குவோம்" என்று வேடிக்கையாகச் சொல்லிக் கட்டிக்கொண்டேன். கடை மடிப்பு கலையாத புடவை. ஆனால் இடுப்பில் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் அவிழ்த்துக் கொடுத்ததுபோல.

அதற்குப் பிறகு வேலை செய்ததே தெரியவில்லை. வடையைக் கை தானாகத் தட்டுகிறது. உப்புப் பார்க்காத சாம்பாரில் உப்பு கச்சிதம். நாத்தனார் சாப்பிட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன்.

காணும் பொங்கல்

மகாபலிபுரம். மணல் தெரியாத கூட்டம். புளிசாதத்தைப் பிரித்ததும் வறுத்த வெந்தய வாசனை. ஜாடியை வேறு யாரும் தொடவில்லை. பிடிக்காது என்று நினைத்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். "இத்தன நாளா எங்கடி வச்சிருந்த இந்தக் கைய?" என்றார் நாத்தனார். பயமாக இருந்தது. யாரிடம் சொல்வது? எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

ஞாயிறு

ஊருக்குக் கிளம்பினார்கள். பஸ் வரும்போது நாத்தனார் கேட்டார்: "கமலாவுக்கு வச்ச பொடவ எங்க?" கட்டியிருப்பதுதான் என்றேன். என்னையே பார்த்தார்.

"ஒனக்கு எடுத்ததயா வச்ச?"

"வேல மிச்சம்னு..."

"வெளியில குடுத்தனுப்பினாத்தான் வந்தவ திரும்பிப் போவா. நீயே கட்டிக்கினா அவ எங்க போவா?"

நான் நீட்டிய குங்குமத்தை எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறினார்.

வந்ததும் புடவையை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். மாற்றவில்லை.

திங்கள்

பனி இல்லை. வெயில். இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் வாசலிலிருந்து "வசந்தா, வசந்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து தோளைத் தொட்டார்.

"இன்னா?" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார்.