நட்சத்திரத்துக்கு வாங்கிய வயர்

டொம்லூர், பெங்களூர்
13 நவம்பர் 2005

அன்பு மகள் கேரலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். நீயும் அந்த ஊர்க் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் வருகிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுத உட்காருகிறேன். இங்கே ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் மழை. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, ஆனால் ஓசூர் பாக்டரியில் இந்த மாதம் முழுவதும் முதல் ஷிப்ட், விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார். சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது. உன் இடத்தில் நிற்க ஆளில்லை என்று டோரதி ஆன்ட்டி என்னைப் பாடகர் வரிசையில் இழுத்து விட்டிருக்கிறாள், நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறேன். போன ஞாயிறு போனில் நீ ஒரு விஷயம் சொன்னாய். அறை ரொம்பக் குளிர்கிறது, ஒரு ஹீட்டர் வாங்கிவிட்டேன், சுவரில் இருக்கும் பிளக் கட்டிலுக்குப் பின்னால் போய்விட்டதால் எக்ஸ்டென்ஷன் போட்டு, வீட்டுக்காரம்மாள் கண்ணில் படக் கூடாதென்று வயரைக் கார்பெட்டுக்கு அடியில் விட்டிருக்கிறேன் என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாட்டில் கை போகவில்லை. ஏன் என்று அப்பாவுக்குத் தெரியும். எழுதாதே, புள்ள பயந்துடும் என்றார். பயந்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன். அதோடு, நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் உனக்குப் புத்தி மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் மின்சாரக் காரை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். இரண்டு கதவு, கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சத்தமும் இல்லை. மூன்று டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் மூன்றிலும் கிளட்சிடம் தோற்றவள் உன் அம்மா. நாற்பத்தேழு வயதில் நானே ஓட்டிக்கொண்டு காலேஜ் லைப்ரரி வாசலில் போய் இறங்கிய முதல் நாள், இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் கொடுத்த பதினைந்து ஆம்பியர் பாயின்ட் வேண்டும், பிளக்கை நேராக அதில்தான் சொருக வேண்டும், நடுவில் வேறு வயர் கூடாது என்று. நாம் இருப்பதோ மாடியில், வண்டி நிற்பது கீழே போர்ட்டிகோவில், சுவர் வீட்டுக்காரர் சீனிவாசராகவன் சாருடையது. ஜூலையில் கேட்டோம், ஆடி போகட்டும் என்றார். ஆடி போனதும் நவராத்திரி ஆகட்டும் என்றார். அதுவும் ஆனதும், தீபாவளிக்குப் பையன் வரான், அவனைக் கேட்டுண்டு சொல்றேன் என்றார். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் டோரதி ஆன்ட்டி வீட்டு ஷெட்டில் வண்டியைச் சொருகிவிட்டு, அது நிறைகிற வரைக்கும் அவள் மருமகளைப் பற்றி அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். அக்டோபரில் காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது, புத்தகங்களையெல்லாம் எண்ணிச் சரிபார்க்கும் வேலை, அங்கே போய் உட்கார நேரமில்லை. அப்போதுதான் பரண் மேல் இருந்த நட்சத்திர வயர் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் மொட்டைமாடியில் நட்சத்திரம் கட்ட அப்பா எடுப்பாரே, அதே இருபது மீட்டர் வயர். எட்டு கிறிஸ்துமஸ் மழையிலும் பனியிலும் கிடந்து ஒரு நாளும் தகராறு செய்யாத வயர். அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது.

வண்டியின் பெரிய பிளக் அதில் நுழையவில்லை. அதற்கென்று ஒரு அடாப்டர் கடையில் கிடைக்கிறது, வாங்கினேன். நுழையாத ஒன்றை நுழைக்க ஒரு சாமான் வாங்குகிறோமே, ஏன் நுழையவில்லை என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். சமையலறையில் மின்சார அடுப்புக்கென்று இருக்கும் பவர் பாயின்டில் சொருகி, ஜன்னல் வழியாகக் கீழே விட்டேன். ஆறு மீட்டர் போதுமாயிருந்தது. மீதியை இறுக்கமாகச் சுருட்டி, துணிநாடாவால் கட்டி, போர்ட்டிகோ மூலையில் வைத்து, மேலே பழைய தேங்காய்நார் மிதியடியைப் போட்டு மூடினேன். மழைக்காக மூடினேன் என்று அப்பாவிடம் சொன்னேன். உண்மையில் சீனிவாசராகவன் சார் பார்த்துவிடக் கூடாதென்று மூடினேன். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் சாயங்காலம் வண்டியைச் சொருகிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் செடிக்குத் தண்ணீர் விட வெறுங்காலோடு கீழே போனபோது அந்த மிதியடியை மிதித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பகல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வெயிலே இல்லை, கேரல்.

மறுநாள் காலை ஆறரை மணி, அப்பா போய்விட்டார். முத்தம்மா வழக்கம்போல் முதலில் போர்ட்டிகோவைக் கழுவ வந்தாள். உனக்குத் தெரியும், பதினோரு வருஷமாகக் கீழ் வீட்டுக்கும் நமக்கும் வேலைக்கு அவள்தான். மிதியடி ஓரத்தில் புகை வந்திருக்கிறது. அதைத் தூக்கி வெளியே எறியப் போனவளுக்கு ஷாக் அடித்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் நான் ஓடிப்போய் முதலில் சுவிட்சை அணைத்தேன், அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். இறங்கி வருவதற்குள் சீனிவாசராகவன் சார் ஈரத் தலையோடு வெளியே வந்து நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டருகே வந்துவிட்டார்கள். முத்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பக்கெட் கவிழ்ந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்னம்மா ஆச்சு, யார் என்ன பண்ணினா என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். முத்தம்மா பக்கம் திரும்பி, வயர் மேல தண்ணி ஊத்தினியா முத்தம்மா என்று கேட்டேன். அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி போதுமாயிருந்தது. பார்த்து ஊத்த வேண்டாமா, கண்ணு எங்க இருந்தது என்று அவர் அவளைத் திட்டினார். எதிர்வீட்டம்மாள், இதுகளுக்கு எவ்வளவு சொன்னாலும் அவ்வளவுதான் என்றாள். முத்தம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பக்கெட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் வரவில்லை.

சமையலறை பாயின்டைப் பார்க்க எலக்ட்ரீஷியன் ராஜேஷ்குமாரைக் கூப்பிட்டேன். ஈஜிபுரா பையன்தான், பேச்சுக்கு நடுவே கன்னடம் வந்து போகும். வயரைப் பிரித்துத் தரையில் நீட்டினான். வெளியே தொங்கிய பகுதி கொஞ்சம் தடித்திருந்ததோடு சரி. சுருட்டி வைத்த பகுதிதான் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, வேகவைத்த சேமியா மாதிரி இருந்தது. அடாப்டர் கருகியிருந்தது. மேடம், இது நட்சத்திரத்துக்குப் போடற வயர், ஒரு பல்ப் எரியும், உங்க வண்டி இழுக்கறது அம்பது பல்ப் கரென்ட்டு, அதையும் சுத்தி வெச்சு மேல கம்பளி போர்த்தின மாதிரி மூடி வெச்சா சூடு எங்க போகும், நீங்களே ஹேளி என்றான். உள்ளே இரண்டே கம்பிதான், எர்த் கம்பியே இல்லை என்று வெட்டிக் காட்டினான். சமையலறை ஃபியூஸ் அடுப்புக்காகப் போட்ட பெரிய ஃபியூஸ், அது போவதற்குள் இந்த மெல்லிய வயர் எரிந்துவிடும், அதனால் ஃபியூஸ் காப்பாற்றும் என்று இருக்கக் கூடாது என்றான். தண்ணி பட்டதால இல்லையா என்று கேட்டேன். அவன் சிரித்தான். தண்ணி படறதுக்கு முன்னாடியே இது செத்துப்போச்சு மேடம், அந்தம்மா பார்க்கலைன்னா வண்டியும் போயிருக்கும், மேல நீங்களும் என்றான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. என் உள்ளங்காலுக்கு முந்தின நாளே தெரியும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. போய்ப் பார்த்துட்டு வா என்று மட்டும் சொன்னார். மருந்தும் கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு ஈஜிபுராவில் அவள் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டுப் போட்டிருந்தாள். உள்ளே வாங்க என்றாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், காபிகூடக் கொடுத்தாள். தப்பு என்னுடையது, வயரைச் சுருட்டி மூடி வைத்தது நான்தான், உன்மேல் பழி வந்தது பாவம் என்று சொல்லி முடித்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, அம்மா, பதினோரு வருஷமா அந்த வாசல்ல தண்ணி ஊத்தறேன், எதுமேல ஊத்தணும் எதுமேல ஊத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா என்றாள். தெரியும் என்றேன். தெரிஞ்சுதானே கேட்டீங்க என்றாள். பழப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன். கேட்டது தெருவுல, சொல்றது என் வூட்டுக்குள்ளயா, அங்க வந்து நிக்கறேன், அதே எடத்துல சொல்லுங்க என்றாள். பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. மருந்தை மட்டும், இது வேணும், கை வலிக்குது என்று வாங்கிக்கொண்டாள்.

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நீ கேட்பாய். சீனிவாசராகவன் சார் தண்ணீர்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தவரைக்கும் வண்டிக்கு ஆபத்து இல்லை. தீபாவளிக்குப் பையன் வந்தால் பாயின்ட் போட்டுக்கலாம் என்றுகூடச் சொல்லியிருந்தார். அவர் கண்ணில் படாமல் வயரைச் சுருட்டி மூடி வைத்து வீட்டை எரிக்கப் பார்த்தேன் என்று தெரிந்தால் பாயின்டும் இல்லை, வண்டியும் இல்லை. ஒரு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முத்தம்மா, ஒரு பக்கம் கார் என்று தராசில் வைத்துப் பார்த்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன். தீபாவளி கழிந்து சனிக்கிழமை காலையில் அவளை வரச் சொன்னேன். அவர் போர்ட்டிகோவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், எதிர்வீட்டம்மாள் கேட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தாள், நல்லதாகப் போயிற்று. உருகிய வயரைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன், வெதுவெதுப்பாக இருந்ததையும் சேர்த்து. அவர் வயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏம்மா, இத்தனை புஸ்தகத்துக்கு நடுவுல உட்கார்ந்துண்டு இருக்கேள், ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்திருக்கப்படாதா என்றார். பிறகு முத்தம்மாவைப் பார்த்து, நானும் அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் என்றார். அவள், சரிங்க சார் என்றாள். அவர் என்னிடம் திரும்பி, பாயின்ட் பேச்சு இனிமேல் வேண்டாம், இங்கே அந்த வண்டி நிற்கலாம், சார்ஜ் ஆகக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போது நான் மறுபடி பஸ்ஸில் போகிறேன். ஞாயிறு மட்டும் டோரதி ஆன்ட்டி வீட்டுக்கு ஓட்டிப்போய் நிரப்பிக்கொண்டு வருகிறோம், பேட்டரியைக் காலியாக விட்டால் கெட்டுவிடுமாம். பாயின்ட் தருகிற வீடு ஏதாவது கிடைக்குமா என்று அப்பா விசாரிக்கிறார், கிடைக்காவிட்டால் விற்றுவிடலாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

கண்ணு, இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கட்டிலை நகர்த்தி ஹீட்டரை நேராகச் சுவரில் சொருகு. ஹீட்டருக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம். மற்றதற்குப் போட்டாலும் சுருளை முழுக்கப் பிரித்து விடு, மேலே கார்பெட்டோ துணியோ போடாதே, கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒன்றாகச் சொருகாதே. அரைமணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காதே, அணைத்துவிடு. வீட்டுக்காரம்மாளிடம் நீயே போய் அறை குளிர்கிறது என்று சொல். திட்டினால் திட்டட்டும். செய்துவிட்டு ஒரு வரி போனில் சொல், அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

முத்தம்மா திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறாள். கீழ் வீட்டுக்கு மட்டும். மேலேயும் வருவாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, கேட்கவும் கூடாது என்று நினைக்கிறேன். காரைச் சுற்றிப் பெருக்கிக் கழுவுகிறாள். நேற்று மாடிப்படியையும் கழுவ ஆரம்பித்தாள், பாதிப் படி வரைக்கும் வந்தாள், அங்கேயே துடைப்பத்தை உதறிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மீதிப் படிகளை நான் கழுவினேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவின் முத்தங்கள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
ஜூடித் தியோடர்